வண்டியை விற்றவனுக்கு எந்த அறை?

இப்போதெல்லாம் புருசனும் பொண்டாட்டியும் பேசாமல் இருந்தால் அதற்கு ஓர் ஆபீஸ் இருக்கிறது. பேசாமல் இருப்பது என்ன தொழிலா, அதற்கு ஆபீஸ் திறக்க? திறந்திருக்கிறார்கள். ஆபீஸ் திறந்தால் மேனேஜர் வேண்டும், மேனேஜர் வந்தால் ஃபைல் வேண்டும், ஃபைல் வந்தால் அதற்குள் போட்டு மூட ஒரு ஆள் வேண்டும். ஒருவன் தும்மினால் சளி பிடித்ததா என்று கேட்க ஆளில்லை. எந்த ஊர்த் தும்மல், எந்த மதத்துத் தும்மல் என்று எழுதிக்கொள்ள மட்டும் மேசைக்கு மேசை ஆள் இருக்கிறது.

என் பெயர் குருசாமி. போடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். முழங்கால் மடங்க மறுத்த பிறகு அண்ணன் மகனிடம் விட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆகையால் இதில் நாசூக்கு இருக்காது. நடந்தது இருக்கும்.

எங்கள் மகன் பிரின்ஸ் மூன்று வருசத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். முப்பது வயசு. அவன் பைக் வாசலிலேயே நின்றது. என் வீட்டுக்காரி சுகிர்தம் சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் அதைத் துடைப்பாள். வாசலில் வண்டி நின்றால் ஆள் வீட்டில் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? காலையில் கதவைத் திறந்ததும் அது ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு நிற்கும். நானும் ஒரு நொடி நம்புவேன். எத்தனை நாள் நம்புவது? போன வருசம் செப்டம்பரில், அவள் தேவாரம் ஊரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம், வண்டியை விற்றுவிட்டேன்.

திரும்பி வந்தவள் வாசலைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு என்னோடு பேச்சு நின்றது.

மற்றவர்களோடு பேசுவாள். எனக்குச் சொல்ல வேண்டியதை ஃப்ரிட்ஜிடம் சொல்வாள். "சோறு வடிச்சாச்சு. திங்கிறவுக திங்கலாம்." ஃப்ரிட்ஜ் உர்ரென்று ஒரு சத்தம் கொடுக்கும். நான் போய்ச் சாப்பிடுவேன். ஒருநாள் நானும் பதிலை ஃப்ரிட்ஜிடமே சொல்லிப் பார்த்தேன். மறுநாள் அவள் ஃப்ரிட்ஜை விட்டுவிட்டு கிரைண்டரோடு பேச ஆரம்பித்துவிட்டாள். பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பி வந்தாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டுப் பழக்கமில்லை.

மகள் மகிமா ஓசூரில் இருக்கிறாள். பிப்ரவரியில் போன் பண்ணினாள்.

"அப்பா, மே மாசம் முடியிறதுக்குள்ள ரெண்டு பேரும் பேசியாகணும். இல்லன்னா ஜூன்ல வந்து அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துருவேன். நீங்க அந்த ஃப்ரிட்ஜோட குடும்பம் நடத்துங்க."

"உங்க அம்மா என்ன சொன்னா?"

"சரின்னு சொன்னாக."

அந்த வாரமே சுகிர்தம் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் மகிமா அனுப்பிய விலாசத்துக்குப் போகச் சம்மதித்தேன். தேனியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். 'பன்முகப் பண்பாட்டு உளநல ஆற்றுப்படுத்தும் நடுவம்.' போர்டு அவ்வளவு நீளமானதால் பக்கத்துப் பேக்கரியின் போர்டு பாதி மறைந்துபோயிருந்தது. மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கட்டணம் இல்லை என்றார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம்.

மேலே ஒருங்கிணைப்பாளர் சுரேஷ்கண்ணன் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்பது ஒன்பது பக்கத்தில் படிவம் கொடுத்தார். முதல் பக்கம் மதம். இரண்டாம் பக்கம் மதத்தின் உட்பிரிவு. மூன்றாம் பக்கம் 'ஆன்மிக நிலை: தீவிரம், மிதம், எப்போதாவது.' நான்காம் பக்கத்தில் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடுவோமா என்று ஒரு கேள்வி.

"எதுக்கு வந்திருக்கோம்னு ஒரு கேள்வியக் காணோமே தம்பி," என்றேன்.

"அது ஒன்பதாம் பக்கம் ஐயா. 'இதர'ங்கிற தலைப்புல வரும்."

"நான் மகன் வண்டிய வித்துட்டேன். அதுல இருந்து இவ பேசுறதில்ல. அம்புட்டுத்தான் விசயம்."

"வண்டி பொருளாதாரம் ஐயா. ஏழாம் பக்கம். மொதல்ல பண்பாட்ட முடிப்போம்."

பிறகு எழுந்து நின்று ஒரு பிரசங்கம் செய்தார். வருகிற எல்லாருக்கும் அதைச் செய்வாராம்.

"மத்த எடத்துல எல்லா மனுசனையும் ஒரே அச்சுல போட்டு வார்ப்பாக. அது பெரிய அநியாயம். மனுசனுக்கு மனுசன் பண்பாடு மாறும், நம்பிக்கை மாறும். அத மதிக்கத் தெரியணும். அதனாலதான் இங்கன நாங்க மூணு அச்சு வச்சிருக்கோம்."

மூன்று அச்சையும் கை நீட்டிக் காட்டினார். மூன்று அறைகள். முதல் அறையில் குத்துவிளக்கும் காவித் திரையும். இரண்டாவதில் மரச்சிலுவையும் வெள்ளைத் திரையும். மூன்றாவதில் பச்சைத் திரை. அவரவர் மதத்துக்கு அவரவர் அறை. அதே மதத்து ஆற்றுப்படுத்துநர். ஆற்றுப்படுத்துநர் என்றால் கவுன்சிலிங் செய்கிறவர்.

படிவத்தில் எங்கள் கல்யாணம் இடறியது.

"கல்யாணம் எந்த முறைப்படி?"

"காலைல சர்ச்சுல. மத்தியானம் எங்க வீட்டு வாசல்ல தாலி. சாப்பாடு ஒருக்கத்தான்."

பேனா நின்றது. நான் விளக்கினேன். எங்கள் சாதிசனத்தில் ஒரே வீட்டில் பாதிப் பேர் கோயிலுக்குப் போவோம், பாதிப் பேர் சர்ச்சுக்குப் போவோம். இவள் அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் கோயில் வீடு; இவள் தம்பி கிறிஸ்டோபர் சர்ச்சில் கோரஸ் பாடுகிறவன். என் தங்கச்சி ஞானஸ்நானம் வாங்கியவள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் நட்சத்திரம் தொங்கும். பொங்கலுக்கு அதே கொக்கியில் கரும்பு தொங்கும். பொண்ணு எடுப்பதும் கொடுப்பதும் எங்களுக்குள்ளேயேதான். போடி பஜாரில் கடைக்குக் கடை இப்படித்தான். இதைக் கேட்டு இதுவரை யாரும் பேனாவை நிறுத்தியதில்லை.

சுரேஷ்கண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப முப்பத்தெட்டு வருசமா ஒரு மத மோதல அடக்கி வச்சிருக்கீக."

"மோதலே கெடையாதே தம்பி."

"அதத்தான் ஐயா அடக்கி வச்சதுன்னு சொல்றோம்."

சுகிர்தம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே இருந்த ஏசி மெஷினிடம், "கரண்டு பில்லு எவன் கட்டுறானோ," என்றாள்.

எங்களைப் பிரித்தார்கள். என்னைக் காவித் திரைக்கு, அவளை வெள்ளைத் திரைக்கு. பச்சைத் திரை அறையிலிருந்து யாஸ்மின் என்று ஒரு பெண் வாட்டர் பாட்டிலோடு வெளியே வந்தது. அந்த அறையின் ஆற்றுப்படுத்துநர், கம்பம் ஊர்ப் பெண். அவளுக்கு ஆள் யாரையும் காணோம்.

"ஏம்மா, ஒன் ரூமுக்கு யாரும் வர்றதில்லையா?"

"வர்றாக ஐயா. கதவத் தெறந்து பச்சத் திரையப் பாத்ததும், 'ஓதிப் பாக்குறதெல்லாம் ஊர்லயே பாத்துட்டுத்தான் வந்தோம், இங்கனயும் அதுதானா'ன்னு திரும்பிப் போயிர்றாக." பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டாள். "நீங்க எதுக்கு ஐயா வந்தீக?"

"வண்டிய வித்துட்டேன்மா."

"யாரு வண்டி?"

நான் வாயெடுப்பதற்குள் மேசையிலிருந்து சுரேஷ்கண்ணன் கூப்பிட்டார். "யாஸ்மின் மேடம், அது உங்க மதத்துக் கேஸ் இல்ல." அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரைக்குள் போய்விட்டாள்.

என்னுடைய ஆள் முத்துராஜா. இன்ஜினியருக்குப் படித்துவிட்டு ஆறு மாதப் பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வந்தவர். விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க குலதெய்வத்தோட உங்க உறவு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. வருசத்துக்கு ஒருக்கப் போவோம். கெடா வெட்டுவோம். வந்துருவோம்."

"கடைசியா அதுகிட்ட மனசு விட்டுப் பேசுனது எப்ப?"

"அது கல்லுப்பா. பேசாது."

அவர் குனிந்து எழுதினார். எழுதியதை எனக்கும் வாசித்துக் காட்டினார், ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்பது நடுவத்தின் கொள்கையாம். 'இவரது வாழ்வில் பேசாதவர்கள் இருவர். ஒருவர் மனைவி, மற்றொருவர் குலதெய்வம். முதலில் பழைய உறவைச் சரிசெய்ய வேண்டும்.'

அறைகளுக்கு நடுவில் பிளைவுட் தடுப்புதான். சுகிர்தத்தின் ஆற்றுப்படுத்துநர் ஜான்சி கேட்பது எனக்கு நன்றாகவே கேட்டது.

"அம்மா, நெத்தியில பொட்டு வச்சிருக்கீங்களே. அது உங்க விருப்பமா, உங்க மேல திணிச்சதா?"

"ஸ்டிக்கர் பொட்டு தாயி."

"அத வைக்கும்போது உங்க மனசுல என்ன ஓடும்?"

"நேத்து வச்சதக் கண்ணாடியில ஒட்டி வச்சிருப்பேன். அது ஒட்டுமா, புதுசு எடுக்கணுமான்னு ஓடும்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. ஜான்சி எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு சுகிர்தத்தின் குரல் வந்தது, கொஞ்சம் இறங்கி. "தாயி, எங்க மகன் வண்டி ஒண்ணு வாசல்ல நின்னுச்சு..."

நான் எழுந்து தடுப்பில் காதை வைத்தேன். முத்துராஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அதுக்கு வருவோம்மா," என்றாள் ஜான்சி. "மொதல்ல ஞானஸ்நானம் எப்ப எடுத்தீங்க, அதச் சொல்லுங்க."

வாரத்துக்கு ஒரு நாள் போனோம். போடியிலிருந்து ஒரே பஸ்ஸில்தான். அவள் முன்னால் லேடீஸ் சீட்டில், நான் பின்னால். மாடி ஏறும்போது அவள் ஒரு படி முன்னால் போய் நின்று என் முழங்காலுக்கு நேரம் கொடுப்பாள். திரும்பிப் பார்க்கமாட்டாள். அந்த மாடிப்படியில்தான் எனக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் கிடைத்தது என்று சொல்லலாம்.

மார்ச்சில் எங்களுக்குப் பண்பாட்டு நாட்காட்டி ஒன்று கொடுத்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டர் வரைக்கும் தபசு காலம், ஆகவே சுகிர்தம் துக்கத்தில் இருக்க வேண்டும். எனக்குப் பங்குனிப் பொங்கல் வருகிறது, ஆகவே நான் சந்தோசமாக இருக்க வேண்டும். கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்; தினமும் டிக் அடிக்க வேண்டும்.

"மகன் செத்துப் போயிருக்கான் தம்பி. துக்கம் ரெண்டு பேருக்கும்தான்," என்றேன் சுரேஷ்கண்ணனிடம்.

"உங்களுக்குத் துக்கத்துக்கு ஆடியில இடம் ஒதுக்கியிருக்கு ஐயா. பாருங்க, கட்டம் இருக்கு."

நான் டிக் அடிக்கவில்லை. என் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு முத்துராஜா வருத்தப்பட்டார். பதினொரு நாள் சந்தோசம் பாக்கி என்றார்.

ஏப்ரலில் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். களப்பணியாளர் என்று ஒருவர் மஞ்சள் டேப்பும் அளக்கிற நாடாவுமாக வந்து இறங்கினார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பண்பாடு எல்லையில்லாமல் கிடப்பதுதான் எங்கள் நோய்க்குக் காரணமாம். கூடத்தை நடுவில் அளந்து, வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் தரையில் டேப் ஒட்டினார். இந்தப் பக்கம் என் பண்பாடு, அந்தப் பக்கம் அவள் பண்பாடு. ஒரே ஆணியில் முப்பத்தெட்டு வருசமாகத் தொங்கிய சர்ச் காலண்டரையும் முருகன் காலண்டரையும் பிரித்து எதிரெதிர்ச் சுவரில் மாட்டினார். புது ஆணி அடித்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. அது என் பக்கம் விழுந்ததால் நான்தான் கூட்டினேன்.

அடுப்பும் ஃப்ரிட்ஜும் அவள் பக்கம் போயின. கட்டில் என் பக்கம் வந்தது.

அன்று மத்தியானம் நான் காபிக்குப் பால் எடுக்க எல்லை தாண்டினேன். சுகிர்தம் ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொன்னாள். "அந்தப் பக்கத்துச் சாமிக்காரவுகளுக்கு இந்தப் பக்கத்துப் பால் எதுக்காம்?"

சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். முப்பத்தெட்டு வருசத்தில் எங்கள் வீட்டில் புளிக்குச் சண்டை வந்திருக்கிறது, கொழுந்தியாளுக்குச் சண்டை வந்திருக்கிறது. சாமிக்கு வந்ததில்லை. நான் பாலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வரக்காபி குடித்தேன்.

அடுத்த வாரம் இதைச் சொன்னதும் சுரேஷ்கண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வந்துருச்சு ஐயா! அடக்கி வச்சது வெளிய வந்துருச்சு. பெரிய முன்னேற்றம்."

"இது எங்க வீட்டுல இல்லாதது தம்பி. நீங்க கொண்டாந்து வச்சது."

"இல்லாதத யாராலயும் கொண்டாந்து வைக்க முடியாது ஐயா. நாங்க கோட்ட மட்டும்தான் போட்டோம்."

இந்த முன்னேற்றத்தால் நாங்கள் மாதிரித் தம்பதி ஆனோம். மே மாதக் கடைசியில் தேனியில் ஒரு மண்டபத்தில் பண்பாட்டு நல்லிணக்க விழா. சென்னையிலிருந்து திட்ட இயக்குநர் ஒருவர் வருகிறார், அவர் முன்னால் மேடையில் எங்களை ஏற்றிப் பேச வைக்கப் போகிறார்கள். நான் முடியாது என்றேன். அப்புறம் வீட்டில் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. அதற்குள் சேலைகள் மடித்து அடுக்கியிருந்தன. மகிமா ஒன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். மேடை ஏறினால்தான் பேசுவாள் என்றால் ஏறித் தொலைவோம் என்று சம்மதித்தேன். எந்த நம்பிக்கையிலும் இல்லை. வேறு வழி தெரியவில்லை.

விழாவன்று மண்டபத்தின் பின்னறையில் எனக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். நான் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் பூசுவேன். அதுவும் ஒரு கீற்று. சுகிர்தத்துக்கு வெள்ளைச் சேலை.

"புருசன் உசுரோட இருக்கையில வெள்ளச் சேலையா?" என்றாள் ஜான்சியிடம்.

"அது உங்க பண்பாட்டு நிறம்மா."

"எங்க அம்மா நீலச் சேல கட்டித்தான் தாயி சர்ச்சுக்குப் போனாக."

"மேடையில வெள்ளைதான்மா பளிச்சுனு தெரியும்."

கட்டிக்கொண்டாள். பொட்டை எடுக்கச் சொன்னார்கள். எடுத்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, பின்னறைக் கதவில் ஒட்டிவைத்தாள்.

இயக்குநர் நல்ல உயரம், நல்ல குரல். அரை மணி நேரம் பேசினார்.

"மனிதனை மனிதனாகப் பார்ப்பது பழைய முறை. அது சோம்பேறிகளின் முறை. நாங்கள் முதலில் வகையைப் பார்க்கிறோம். இவர் எந்த மதம், எந்த மரபு, எந்த வழிபாடு? வகை தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு மனிதன் எங்களுக்குத் தேவையில்லை." ஒரு நிமிசம் தாளைப் பார்த்தார். "அதாவது, மனிதன் தானாகவே புரிந்துவிடுவான். இந்த ஆண்டு இம்மாவட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேரை வகைப்படுத்தியிருக்கிறோம். ஒருவர்கூட வகைக்கு வெளியே விடுபடவில்லை."

எல்லாரும் கை தட்டினார்கள். வகைப்படுத்தப்பட்டவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டு டோக்கனுக்காக முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் குத்துவிளக்கை ஏற்ற வேண்டும், நான் மெழுகுவத்தியை ஏற்ற வேண்டும். ஏற்றினோம். பிறகு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. என் சீட்டில், 'உன் தேவனை நான் மதிக்கிறேன்.' அவள் சீட்டில், 'உங்கள் தெய்வத்தை நான் மதிக்கிறேன்.' இதைச் சொன்னால் மோதல் தீர்ந்ததாக இயக்குநர் சான்றிதழ் கொடுப்பார்.

நான் வாசித்தேன். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். மைக்கை அவளிடம் கொடுத்தார்கள்.

சுகிர்தம் சீட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வண்டிய யாருக்கு வித்தீக?"

மைக்கில் கேட்டதால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மார்க்கையன்கோட்டையில பால்பாண்டின்னு ஒருத்தருக்கு," என்றேன்.

"என்ன செய்றாரு அத வச்சு?"

"பால் கேன் கட்டி ஓட்டுறாரு."

"ஹேண்டில்ல ஒரு கயிறு கெடந்துச்சே. அப்படியே குடுத்தீகளா, அத்துப்போட்டுக் குடுத்தீகளா?"

"எந்தக் கயிறு?"

"கருப்புக் கயிறு. அவன் காமாலையில கெடக்கையில கம்பத்துப் பக்கம் தர்காவுல ஓதி வாங்கியாந்து கையில கட்டுனேன். ஆஸ்பத்திரியில ஊசி ஏத்தணும், அவுக்கச் சொல்லுங்கன்னாக. அவுத்து எங்கிட்டக் குடுத்தான். 'வண்டியில கட்டிப் போடும்மா, வந்து கட்டிக்கிறேன்'னான்."

நான் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மெழுகு கையில் வழிந்தது. அந்த வண்டியைக் காலையில் கதவைத் திறந்ததும் பார்ப்பேன், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஹேண்டிலில் என்ன கிடந்தது என்று எனக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியாதே சுகிர்தம்."

"கேட்டீகளா?"

கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தேன். அதில் இதற்கு ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

முதலில் இயக்குநர்தான் கை தட்டினார். அவர் தட்டியதும் மண்டபமே தட்டியது. சுரேஷ்கண்ணன் மட்டும் தட்டவில்லை. எங்கள் ஃபைலை வேகவேகமாகப் புரட்டிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தார்.

"தர்காவா? அம்மா, இது மூணாவது மதம்! படிவத்துல எழுதலயே நீங்க? மூணு மாசம் தப்பான ரூம்ல வச்சுப் பாத்திருக்கோம். இந்தச் சான்றிதழ் செல்லாது. யாஸ்மின் மேடம், இங்கன வாங்க, இனி இது உங்க கேஸ்."

யாஸ்மின் மேடைக்குக் கீழேயே நின்றாள். "சார், கொஞ்சம் விடுங்க. அவுக பேசிக்கிட்டு இருக்காக."

"பேசுறது முக்கியம் இல்ல மேடம். எந்த ரூம்ல பேசுறாகங்கிறதுதான் முக்கியம்."

சுகிர்தம் மைக்கை மேசையில் வைத்தாள். அது கீச்சென்று கத்தியது. வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, நாற்காலி வரிசைக்கு நடுவில் நடந்து, வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

நான் மெழுகுவத்தியை இயக்குநர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், போட்டோ எடுத்தார்கள்.

"ஐயா, எங்க போறீங்க?" சுரேஷ்கண்ணன் குறுக்கே வந்தார். "இப்ப ரெண்டு பேருக்குள்ள மூணு மதம் இருக்கு. டேப்ப எடுத்துட்டு, மறுபடி வீட்ட அளந்து மூணாப் பிரிக்கணும். ஜூன்ல முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா டிசம்பருக்குள்ள..."

"கயிறு இப்ப எங்கன இருக்குன்னு ஒங்க ஃபைல்ல இருக்கா தம்பி?"

பாவம், அவர் உண்மையிலேயே குனிந்து ஃபைலில் தேடினார்.

"வழிய விடு," என்றேன்.

மகிமா போனில் கேட்பாள், பார்த்தீர்களா, சென்டருக்குப் போனதால்தானே அம்மா பேசினாக என்று. இல்லை என்றுதான் சொல்வேன். அவளை மூன்று மாதம் வாயடைத்துவிட்டு, கடைசியில் தவறிப்போய் ஒரு மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. வண்டியை விற்பதற்கு முன்னால் ஒரு கேள்வியை நான் அவளிடம் கேட்டிருந்தால் அந்த மாடியே ஏறியிருக்க வேண்டாம் என்பதும் எனக்குத் தெரியும். அதை அவர்களிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பக்கம் அச்சடிப்பார்கள்.

வெளியே நல்ல வெயில். போடி பஸ் ஏற இந்தப் பக்கம் வரவேண்டும். அவள் ரோட்டைத் தாண்டி, சின்னமனூர் வழியாகக் கம்பம் போகிற பஸ் நிற்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தாள். மார்க்கையன்கோட்டைக்கு அந்தப் பஸ்தான். என்னைக் கூப்பிடவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. பால்பாண்டி அந்தக் கயிற்றை அழுக்கென்று அறுத்துப் போட்டிருப்பாரோ, அப்படியே விட்டு வைத்திருப்பாரோ. கயிறு கிடைத்தாலும் ஒன்றாம் தேதி அவள் ஓசூருக்குப் போகமாட்டாள் என்று எவன் சொல்ல முடியும்?

உள்ளே மைக்கில் இயக்குநர், இது நமது நடுவத்தின் மகத்தான வெற்றி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றித் திருநீற்றைத் துண்டால் அழுத்தித் துடைத்தேன். லாரி ஒன்று போகட்டும் என்று நின்றுவிட்டு, ரோட்டைத் தாண்டி அவள் பின்னால் நடந்தேன்.